மேட்டுக்கொல்லையில் இடம் பார்த்தது

தங்கள் குமாஸ்தா எழுதிக்கொள்ள வசதியாக மெதுவாகவே பேசுகிறேன். எங்கேயாவது வார்த்தை விட்டுப்போனால் நிறுத்தச் சொல்லுங்கள், திரும்பச் சொல்கிறேன். எனக்கு எதிலும் அவசரம் கிடையாது. சொந்தமாக ஒரு வீடு கட்ட, இடம் பார்ப்பதற்கு மட்டும் மூன்று வருஷம் எடுத்துக்கொண்டவன் நான்.

பெயர் வேதாசலம். ஊர் ஆம்பூர். வயது அறுபத்திரண்டு. ஷபீ அஹமது சாயபுவின் தோல் பதனிடுகிற ஷாப்பில் முப்பத்தோரு வருஷம் தோல் தரம் பிரித்தேன். கட்டுக்கட்டாக வந்து இறங்குகிற தோலை விரித்துப் பார்த்து, இது முதல் தரம், இது இரண்டாம் தரம், இது கழிவு என்று சொல்லுவது என் வேலை. புதிதாக வருகிறவர்கள் மயிர்ப்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ஆகா என்பார்கள். நான் சதைப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன். கத்திக் கீறலும் புழு துளைத்த ஓட்டையும் அங்கேதான் தெரியும். முப்பத்தோரு வருஷத்தில் நான் முதல் தரம் என்று சொன்ன தோல் ஒன்றுகூடச் சீமையிலிருந்து திரும்பி வந்ததில்லை. சாயபுவைக் கேட்டால் அவரே சொல்லுவார். இப்போது அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்றாலும் இதைச் சொல்லுவார்.

தோல் ஷாப்பில் வேலை செய்கிறவனுக்கு வீடு என்றால் முதலில் ஞாபகம் வருவது நாற்றம்தான். சுண்ணாம்புக் குழி, ஊறவைத்த ஆவாரம்பட்டை, அழுகின சவ்வு எல்லாம் சேர்ந்த ஒரு நாற்றம். சோற்றில் இருக்கும், தலையணையில் இருக்கும். நான் வாடகைக்கு இருந்த தெருவில் கல்யாணத்துக்குச் சந்தனம் கரைத்தாலும் அதிலும் இருக்கும். என் மனைவி கோவிந்தம்மாள் மல்லிகைப் பூவை மூக்குக்கு நேரே வைத்துக்கொண்டுதான் சமைப்பாள். ஆகவே என் நாற்பத்தைந்தாவது வயதில் முடிவு செய்தேன். எங்கே காற்று சுத்தமாக வருகிறதோ அங்கேதான் வீடு.

அதற்காக எடுத்த எடுப்பில் எவனோ காட்டின மனையை வாங்குகிறவன் அல்ல நான். வீட்டை இடித்துக் கட்டலாம், அக்கம்பக்கத்தை அப்படிச் செய்ய முடியாது என்று அப்போது நினைத்திருந்தேன். ஒரு நோட்டுப்புத்தகம் வாங்கி, ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். ஒரே தெருவுக்கு விடிகாலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு தடவை போவேன். கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்ப்பேன். வண்ணானிடம் பேசுவேன். யார் வீட்டுத் துணி எப்படி வருகிறது என்று அவனுக்குத்தான் தெரியும். மருத்துவச்சியிடம் பேசுவேன். கோர்ட்டு அமீனாவை ஒரு தடவை காபி சாப்பிட அழைத்துப்போனால் எந்தத் தெருவில் யார் யார் மேல் வழக்கு என்பதை ஒப்பித்துவிடுவார்.

வேலூரைக்கூட விடவில்லை. லாங் பஜாருக்குப் பின்னால் ஒரு மனை வந்தது. இரண்டு நாள் அங்கே ஒரு சத்திரத்தில் தங்கிப் பார்த்தேன். கைவண்டிக்காரர்கள் சாமம் தவறாமல் சண்டை போட்டார்கள். கழித்துவிட்டேன். பாலாற்றங்கரையில் ஒன்று வந்தது. கிழவர் ஒருவர் தன் வீட்டுச் சுவரில் பழைய வெள்ளத்தின் அடையாளத்தைக் காட்டினார். அவர் தலைக்கு மேல் ஒரு முழம் இருந்தது. கழித்துவிட்டேன். இன்னொரு தெருவில் எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் அங்கே இருந்த பள்ளிக்கூட உபாத்தியாயர் ஆர்மோனியம் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருந்தார். அதையும் கழித்தேன்.

இப்படி நாற்பத்தோரு தெருக்களைப் பார்த்த பிறகுதான் மேட்டுக்கொல்லைக்குப் போனேன்.

ஊருக்கு மேற்கே வயல்களைத் தாண்டி இருக்கிற மேடு அது. தோல் ஷாப்புகள் எல்லாம் கிழக்கே, ஆற்றோரம். வருஷத்தில் எட்டு மாதம் ஏலகிரிப் பக்கத்துக் காற்று நேராக அங்கே வரும். நான் போய் நின்றபோது முதலில் எனக்கு என்ன குறைகிறது என்றே புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, நாற்றம் இல்லை. அங்கே ஒரு கிணறு இருந்தது. ஆம்பூரில் பாதிக் கிணறுகள் உப்புக் கரிக்கும். இதுவோ இளநீர் மாதிரி.

பதினான்கு குடிசைகளும் இருந்தன.

சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் புரட்டுகிறவர்களின் குடிசைகள் அவை. அறுபத்து மூன்று பேர். நான் வேலை பார்த்த ஷாப்பிலேயே அவர்களில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். கன்னியப்பன் என்பவன் எனக்கு நன்றாகத் தெரிந்தவன். சுண்ணாம்பு அரித்துக் கைவிரல் நகம் எல்லாம் போயிருந்தது. ஆனாலும் ஒரு தோலைக் கிழிக்காமல் குழியிலிருந்து தூக்குவான்.

நான் முறைப்படி அந்த இடத்தையும் விசாரித்தேன். ஏழு மாதம் போய் வந்தேன். அங்கே பெரியதனம் செய்தவள் ஆரோக்கியமேரி என்ற விதவை. பிரசவம் பார்ப்பாள், காய்ச்சலுக்குக் கஷாயம் போடுவாள். கிணற்றடியில் அழுக்குப் பானையோடு யாரும் வரக்கூடாது என்று அவள் வைத்ததுதான் சட்டம். சாராயம் குடித்துவிட்டு வருகிறவனுக்கு அன்றைக்குக் குடிசைக்குள் இடமில்லை, வயலோரம்தான் படுக்க வேண்டும். ஒரு திருட்டு இல்லை, ஒரு வழக்கு இல்லை. வாசல் தினமும் பெருக்கித் தண்ணீர் தெளித்திருக்கும். எனக்குச் சாதி வித்தியாசம் எல்லாம் பெரிதல்ல ஐயா. அவள் இறைத்த தண்ணீரை என் செம்பில் ஊற்றச் சொல்லிக் குடித்திருக்கிறேன். என் நோட்டுப்புத்தகத்தில் நாற்பத்திரண்டு இடங்களில் முதல் தரம் என்று நான் எழுதியது அந்த ஒன்றைத்தான்.

அவள்தான் ஒருநாள் கேட்டாள்.

"இன்னா ஐயா, மாசக்கணக்கா வர்றீங்க, மண்ணத் தொட்டுப் பாக்கறீங்க, தண்ணியக் குடிச்சுப் பாக்கறீங்க. வூடு கட்டப் போறீங்களா?"

ஆமாம், யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

"கட்டுங்க. எங்களுக்கும் ஒரு பெரிய மனுசர் தொணையா இருக்கும். எடம் பத்தலன்னா சொல்லுங்க, கெணத்துகிட்ட கீற ரெண்டு குடிசைய நாங்க அந்தாண்ட தள்ளிக்கிறோம்."

எனக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. இதைச் சொல்ல வெட்கப்படவில்லை. அந்த மாதிரி குணத்தை நான் எந்தப் பெரிய தெருவிலும் பார்த்ததில்லை. ஆனால் தாங்களே யோசித்துப் பாருங்கள். என் வீட்டுக்கு நாலு பேர் வருவார்கள். கோவிந்தம்மாளின் அண்ணன் ரெவின்யூ இலாகாவில் இருக்கிறார். அவர் வந்து இறங்கும்போது வாசலில் பதினான்கு குடிசை நின்றால் எப்படி இருக்கும்? அந்த மேட்டுக்கு இருந்த ஒரே குறை அதுதான். அக்கம்பக்கம் அருமையானது. அதில் இருந்த மனிதர்கள் மட்டும் வேறாக இருந்திருக்க வேண்டும்.

மேடு சுப்பராயன் என்ற விவசாயிக்குச் சொந்தம். அவரிடம் போய்க் கேட்டேன். அவர் அப்பன்தான் அந்தக் குடும்பங்களைக் குடிவைத்தாராம். "அந்த அடுப்புங்க எரியற வரைக்கும் குடுக்க மாட்டேன் முதலியாரே, எங்கப்பனுக்கு வாக்கு குடுத்துட்டேன்" என்றார். மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் மோர் கொடுத்து அதையே சொன்னார். நேர்மையான மனுஷர். அவரோடு வாதாடுவது எனக்கு நாகரிகமாகப் படவில்லை.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் வருஷம். மைசூர் எல்லைப் பக்கம் பிளேக் இருந்தது. நம் ஊரில் இல்லை. ஆனாலும் தண்டோரா போட்டார்கள், நோட்டீஸ் ஒட்டினார்கள். எலி செத்துக் கிடந்தால் உடனே தெரியப்படுத்த வேண்டும், அந்த இடத்து ஜனங்களைக் காலி செய்து கொட்டகையில் வைப்பார்கள், குடிசையாக இருந்தால் கொளுத்திவிடுவார்கள். நோட்டீஸை நான் இரண்டு தடவை படித்தேன்.

அப்போது சுகாதார இன்ஸ்பெக்டராக இருந்தவர் ரத்தினசாமி. நல்ல மாதிரி. வாரத்துக்கு ஒருநாள் தோல் ஷாப்பைப் பார்வையிட வருவார், என்னோடு உட்கார்ந்து வெற்றிலை போடுவார். அவரிடம் எனக்குச் சந்தேகமாக இருந்ததை எல்லாம் கேட்டேன். சும்மா செத்த எலியைக் காட்டி யாராவது பொய்ப் புகார் கொடுத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார். எலியை அறுத்து, பட்டணத்துக்கு அனுப்பி, பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்துவிடுவார்களாம். நோயை மனிதனிடம் கொண்டுவருவது எலிகூட அல்ல, எலியின் மேல் இருக்கிற தெள்ளுப்பூச்சிதானாம். எலி செத்துக் குளிர்ந்ததும் அது இறங்கி வேறு உடம்பைத் தேடுமாம். படித்த மனுஷரோடு பேசினால் எவ்வளவு தெரிந்துகொள்ளலாம் பாருங்கள்.

எங்கள் கிடங்கில் எலிக்குப் பஞ்சமே கிடையாது. நாலைந்தை அடித்துக் கொண்டுபோய்ப் போட்டிருக்கலாம். ஆனால் அது பொய். பொய் சொல்லுவது என் சுபாவமே அல்ல. ஒன்றை முதல் தரம் என்று சொன்னால் அது முதல் தரமாக இருக்க வேண்டும். பிளேக் என்று ஒரு இடத்தைச் சொன்னால் அங்கே பிளேக் இருக்க வேண்டும்.

ஆகவே முதலில் பிளேக் ஊசி போட்டுக்கொண்டேன். ரத்தினசாமி ஊரில் எல்லோரையும் போட்டுக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தார், யாரும் கேட்கவில்லை. நான்தான் முதல் ஆள். எனக்கு முன்னுதாரண புருஷர் என்று பட்டம் கொடுத்தார். கோவிந்தம்மாளை சோளிங்கருக்கு அனுப்பினேன். மலையேறி நரசிம்மரைச் சேவிக்க வேண்டும் என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய சித்தி வீடு அங்கே இருக்கிறது, இரண்டு மாதம் இருந்துவிட்டு வா என்றேன். மேட்டுக்கும் ஊருக்கும் நடுவே எவ்வளவு வயல் இருக்கிறது என்று நடந்து அளந்து பார்த்தேன். நானூற்றுப் பத்து தப்படி. ஊரைப் பற்றிய கவலை எனக்கு எப்போதும் உண்டு.

பிறகு எல்லைக்கு அப்பால் ஒரு சந்தை ஊருக்கு, தோல் பார்த்து வருவதாகச் சாயபுவிடம் சொல்லிவிட்டு, வில்வண்டியில் போனேன். பாதி ஊர் காலியாகிக் கிடந்தது. தோல் கிடங்குக்குக் காவலாக லியாகத் அலி என்ற ஒருவர் மட்டும் வெளியே கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். வீட்டில் இரண்டு பேரை இழந்தவர். நான் உள்ளே போவதைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"உள்ள போவாதீங்க முதலியார். சரக்கு பேஜாரு. எலி கிறுகிறுன்னு சுத்தி வந்து வுழுவுது. உங்க உசுரு முக்கியம்."

நான் ஜாக்கிரதையாக இருப்பேன் என்று சொன்னேன். இருந்தேன். முழங்கால் வரை கிரசின் தடவியிருந்தேன், கையில் தடித்த தோலுறை. தள்ளாடிக்கொண்டிருந்த மூன்றை நீள இடுக்கியால் எடுத்து ஒரு கிரசின் டின்னில் போட்டேன். செத்ததை எடுக்கவில்லை. காரணம் சொன்னேனே. டின் மூடியில் ஆணியால் சிறு துளைகள் போட்டேன். வாயில்லாத ஜீவன் மூச்சுமுட்டித் தவிப்பதைப் பார்க்கிற மனசு எனக்கு இல்லை.

மறுநாள் மத்தியானம் மேட்டுக்கொல்லைக்குப் போனேன். அந்த நேரத்தில் எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள் என்பது என் நோட்டுப்புத்தகத்தில் இருந்தது. ஆனால் கன்னியப்பனின் பெண்டாட்டி பூவம்மாள் இருந்தாள். எட்டு மாதக் கர்ப்பிணி. வேலைக்குப் போகவில்லை. என்னைப் பார்த்ததும் சிரமப்பட்டு எழுந்து, நான் கேட்காமலே தண்ணீர் இறைத்து என் செம்பில் ஊற்றினாள்.

"வெயில்ல வந்துகீறீங்க. டின்னுல இன்னாங்க ஐயா?"

தோலுக்குப் போடுகிற மருந்து என்றேன். அதை அவள் மேலே கேட்கவில்லை. வீடு எப்போது ஆரம்பிக்கிறீர்கள் என்றுதான் கேட்டாள். சீக்கிரம் என்றேன். தண்ணீரைக் குடித்துவிட்டு, அவர்கள் கேழ்வரகு குத்திச் சேர்த்துவைக்கிற பொதுக்கொட்டகைக்குப் பின்பக்கமாகப் போய் டின்னைத் திறந்து சாய்த்துவிட்டு வந்தேன். மொத்தம் ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

இதுவரை சொன்னதைக் கேட்டு, என்னைக் கெட்ட எண்ணம் கொண்டவன் என்று தாங்கள் நினைக்கக்கூடும். அது சரியல்ல. என் ஏற்பாட்டில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவேண்டியதில்லை. கொட்டகை எலிகள் சாகும், அவர்கள் பார்த்துச் சொல்லுவார்கள், சர்க்கார் வந்து கூட்டிப்போகும், குடிசை எரியும். அவ்வளவுதான். குடிசையின் கூரை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எப்படியும் மாற்றுகிறதுதானே.

பத்தாம் நாள் ஆரோக்கியமேரி ஷாப்புக்கு வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"கொட்டாயில எலி செத்துக் கெடக்குது ஐயா. ஏழெட்டு. சொன்னா குடிசையெல்லாம் கொளுத்திடுவாங்கன்றானுங்க. பூவம்மாளுக்கு வேற மாசமாயிட்ச்சு, சர்க்கார் கொட்டாயில கொண்டு போய்ப் போட்டா தாங்க மாட்டா. நீங்க படிச்சவரு. நீங்க இன்னா சொல்றீங்களோ அதுதான். சொல்லட்டுமா, வேணாமா?"

நியாயமாக, உடனே போய்ச் சொல்லு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். என் ஏற்பாடும் அதுதான். ஆனால் முந்தின வாரம் ரத்தினசாமி வெற்றிலை போடும்போது ஒன்று சொல்லியிருந்தார். எலி மட்டும் செத்து, மனுஷச் சாவு இல்லை என்றால், மூன்று மாதத்தில் திரும்ப அதே இடத்தில் குடிவைத்துவிடுவார்களாம். சாவு விழுந்த இடமாக இருந்தால்தான் மறுபடியும் குடியிருக்கவே விடமாட்டார்களாம். மூன்று மாதத்தில் அவர்கள் திரும்பி வந்தால் சுப்பராயன் கையாலேயே புதுக் கீற்று வாங்கிக் கொடுப்பார். எனக்கு அவரைத் தெரியும்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்கும் ஒரு வாரம் பொறுத்துப் பாரு மேரி" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. வற்புறுத்தவில்லை. ஒரு வாரம் என்பது பெரிய காலமும் அல்ல. அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எந்தச் சாமி உங்களை எங்கள் பக்கம் அனுப்பிச்சுதோ என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

நான் அந்த வாரம் அங்கே போகவில்லை. போவது உசிதமில்லை. ஆனால் ஷாப்பில் கன்னியப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் காலையில் அவன் சுண்ணாம்புக் குழியில் ஒரே தோலைப் புரட்டிப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தான். என்னடா என்றேன்.

"பூவு போய்ட்டாங்க. ராவுல காச்சலு. புள்ளயும் போச்சு. யார்கிட்டயும் சொல்லாதீங்க, ஆயாம்மா ஒரு வாரம் பொறுக்கச் சொல்லிகீறாங்க."

ஆரோக்கியமேரியைத்தான் அவர்கள் ஆயாம்மா என்பார்கள். நான் மேஸ்திரியிடம் பேசி அவனுக்கு அரைநாள் லீவு வாங்கிக் கொடுத்தேன். முழுநாளே கேட்டேன், மேஸ்திரி சம்மதிக்கவில்லை.

எட்டாம் நாள் காலையில் ஆரோக்கியமேரி ஷாப் வாசல் வழியாகத்தான் இன்ஸ்பெக்டரைப் பார்க்கப் போனாள். என்னைப் பார்த்து நின்று, "நீங்க சொன்ன வாரம் நேத்தோட முடிஞ்சிட்ச்சுங்க" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. கணக்காகச் சொன்னாள். அதற்குள் பதினோரு பேர் போயிருந்தார்கள். அவர்களை அந்த ஜனங்களே மேட்டுக்கு மேற்கே இருந்த தரிசில், வெளியே தெரியாமல் புதைத்திருந்தார்கள். அதைச் சொன்னால் மறைத்ததற்குத் தண்டனை என்று பயந்து, இன்ஸ்பெக்டரிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. என்னிடம் மட்டும் சொன்னாள். மீதிப் பேரை ஆற்றுக்கு அக்கரையில் கொட்டகை போட்டு வைத்தார்கள். அங்கே எட்டுப் பேர் செத்தார்கள். சர்க்கார் ரிஜிஸ்தரில் இருப்பது இந்த எட்டுதான்.

நான் கொட்டகைக்கு இரண்டு மூட்டை அரிசியும் ஒரு டசன் கம்பளியும் அனுப்பினேன். யாரும் சொல்லி அனுப்பவில்லை. ரத்தினசாமி தன் ரிப்போர்ட்டில் என் பெயரைத் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறார். தாங்கள் எடுத்துப் பார்க்கலாம்.

குடிசைகளைக் கொளுத்தினார்கள். மறுபடி அங்கே குடிவைக்கக்கூடாது என்று உத்தரவும் ஆயிற்று. சுப்பராயன் ஒரு மாதம் வெளியிலேயே வரவில்லை. பிறகு அவராகவே என் வீடு தேடி வந்தார். புகை வராத அந்த மேட்டைப் பார்க்கவே முடியவில்லை, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் சொன்ன விலையையே நான் பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டேன். துக்கத்தில் இருக்கிறவரிடம் பேரம் பேசக்கூடாது.

இரண்டு வருஷம் மண்ணை ஆறப்போட்டேன். ஆரோக்கியம் விஷயத்தில் நான் அசட்டை செய்வதில்லை. அப்புறம் கடகால் போட்டேன். தோண்டினபோது அடுப்புக் கற்கள் வந்துகொண்டே இருந்தன. நல்ல கருங்கல். கழுவி எடுத்துப் பின்கட்டில் துணி துவைக்கிற இடத்தில் பதித்தோம். மண் சுமக்க வந்தவர்களில் கன்னியப்பனும் இருந்தான். குழியில் இறங்க அவன் உடம்பு அதற்குமேல் ஒத்துக்கொள்ளவில்லை, நான்தான் கட்டட மேஸ்திரியிடம் சொல்லி எடுத்துக்கொள்ளச் செய்தேன். அவனுக்கு நான் செய்திருப்பதை அவன் மறந்ததில்லை. கிரகப்பிரவேசத்தன்று எட்ட நின்று கும்பிட்டான். ஆரோக்கியமேரியும் வந்திருந்தாள். வீட்டைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, கிணற்றில் தண்ணீர் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். அப்புறம் கோலார் பக்கம் சுரங்கத்துக்குப் போன கூட்டத்தோடு போய்விட்டாள். அங்கேயே செத்துப்போனதாகக் கேள்வி.

அங்கே வந்த முதல் வருஷம் கோவிந்தம்மாளுக்குத் தலைவலி போயிற்று, சாப்பாடு பிடித்தது. ஆனால் பெண்களுக்கு எதிலும் திருப்தி கிடையாது. "காத்து நல்லா வருது, தண்ணி நல்லா கீது, பேசறதுக்கு ஒரு மனுச மொகம் இல்ல" என்று ஒருநாள் சொன்னாள். பிறகு அதைத் தினமும் சொன்னாள். இப்போது பேசுவதையே விட்டுவிட்டாள். அதனால் வீடு அமைதியாக இருக்கிறது.

இத்தனை வருஷம் கழித்து ஏன் இதைச் சொல்லுகிறேன் என்பதற்கு வருகிறேன். மேற்கே உள்ள அந்தத் தரிசை, என் பழைய முதலாளி ஷபீ அஹமது சாயபு போன தையில் வாங்கியிருக்கிறார். அங்கே புதிதாகத் தோல் ஷாப் வைக்கிறார். ஐம்பது சுண்ணாம்புக் குழி. எட்டு மாதமும் அந்தக் காற்று என் கூடத்துக்குள் வரும். நேரில் போய்க் கேட்டேன். உட்கார வைத்து டீ கொடுத்தார். "முப்பது வருசம் இந்த வாசத்துலதானே சோறு துன்னீங்க முதலியார், இப்ப இன்னா ஜாஸ்தியாப் போச்சு?" என்று கேட்டார். நான் ஆட்சேபணை மனு கொடுத்தேன். காற்று என்று எழுதினேன், தள்ளிவிட்டார்கள். கிணறு என்று எழுதினேன், தள்ளிவிட்டார்கள். கடைசியில் என் வக்கீல்தான் சொன்னார், கொள்ளைநோயில் செத்தவர்களைப் புதைத்த இடத்தில் குழி தோண்ட லைசென்ஸ் கொடுக்க விதியில்லை என்று.

அதைத்தான் போன வாரம் இங்கே வந்து சொன்னேன். ரிஜிஸ்தரில் அப்படி ஒரு புதைகுழியே இல்லை என்றீர்கள். இருக்கிறது என்றேன். ஆட்கள் தோண்டினார்கள், எலும்பு வந்தது. ஆனால் சாயபுவின் வக்கீல் அது பழைய இடுகாடாக இருக்கும், பிளேக் என்பதற்கு என்ன ருசு என்று கேட்டார். கன்னியப்பனைக் கூப்பிட்டால், தெரியாது என்கிறான். அவனுக்கு இன்னும் அந்தத் தண்டனைப் பயம் போகவில்லை. ஆரோக்கியமேரி இல்லை. ரத்தினசாமிக்குத் தெரியாது. அந்தப் பதினோரு பேரும் பிளேக்கில்தான் செத்தார்கள் என்று நிச்சயமாகச் சொல்லக்கூடியவன் இந்த ஜில்லாவில் ஒருவன்தான் இருக்கிறான்.

எலிகளைக் கொண்டுவந்து விட்டவன் நான். ஒரு வாரம் பொறுக்கச் சொன்னவன் நான். பூவம்மாள் வயிற்றில் இருந்ததையும் சேர்த்து எண்ணினால் மொத்தம் இருபது. இதற்குச் சட்டத்தில் என்ன பெயரோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எங்கே கூட்டிப்போனாலும் வருகிறேன். என் மனைவி அந்த வீட்டில் இருக்கப்போகிறவள், ஆகவே லைசென்ஸ் விஷயத்தை மட்டும் முதலில் முடித்துவிடுங்கள். ஷபீ அஹமது சாயபுவை நான் ஒருநாளும் தப்பாகப் பேசினதில்லை. ஆனாலும், குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கிற இடம் என்று தெரிந்தும், அவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் வியாதியைக் கொண்டுவந்து வாசலில் வைக்க ஒரு மனுஷனுக்கு எப்படித்தான் மனசு வருகிறது என்பது எனக்கு விளங்கவே இல்லை ஐயா.